ஆல் பாஸ்

2020 மார்ச் 17. தமிழ்நாட்டில் பள்ளிகளுக்குக் கொரோனா விடுமுறை. 31 வரைதான் என்று அறிவிப்பு. பையன்கள் மட்டையோடு தெருவுக்கு வந்தார்கள். ஒரு வாரத்தில் தெருவுக்கும் பூட்டு.


ஒன்று முதல் ஒன்பது வரை ஆல் பாஸ். ஜூனில் பத்தாம் வகுப்பும் ஆல் பாஸ். பக்கத்து வீட்டுப் பெண் அழுதாள். எல்லாம் படித்து முடித்திருந்தாளாம்.


டிவியில் ஆலோசகர்: அட்டவணை போட்டு வாழுங்கள், பிள்ளைகளுக்கு அது தெம்பு. ஃபிரிட்ஜில் ஒட்டினார்கள். காலை 6 மணி, யோகா. அந்த வரிக்கு மேலேயே பால் கணக்கு ஏறிவிட்டது.


அப்பாவுக்கு ஆபீஸ் போன். பேசிக்கொண்டே எழுந்து நிற்கிறார். வீடியோகூட இல்லை. "சரிங்க சார், சரிங்க சார்." மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.


ஆன்லைன் வகுப்பு. "யார் வீட்டுல குக்கர் விசில்? மியூட் பண்ணுங்க."

குக்கருக்கு மியூட் கிடையாது.


மூன்றாம் வகுப்புப் பையன் கற்றுக்கொண்ட வித்தை: கேள்வி வந்ததும் வாய் பாதி திறந்தபடி அசையாமல் உட்கார்ந்துவிடுவது. நெட் போய்விட்டதாம். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

டீச்சர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.


2020 ஜூலை. மத்திய அரசின் 'பிரக்யதா' வழிகாட்டுதல். எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஒரே போன். காலையில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் பள்ளிக்கூடம் வீட்டுக்கு வரும்.


கல்வித் தொலைக்காட்சி. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியது, தொற்றுக்கு முன்னால். கணக்கு டீச்சர் கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துகிறார். தாத்தா பதில் சொல்கிறார். பேரன் தூங்கிவிட்டான்.


சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் வீட்டுக்கே. பள்ளியில் என்றால் அவன் தட்டு, அவன் சோறு. வீட்டில் எல்லாருக்கும் ஒரே பானை.


டாஸ்மாக். மார்ச் 24 மாலை அடைத்தார்கள். மே 7 திறந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 16 மறுபடியும் திறப்பு. சென்னையில் மட்டும் ஆகஸ்ட் 18.

மாடி வீட்டில் வேலை செய்யும் அக்கா: "கட மூடியிருந்த வரைக்கும் புள்ளைங்களோட தாயம் ஆடுனாரு."

அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.


எல்லாச் சேனலிலும்: வீட்டில் இருங்கள், பத்திரமாக இருங்கள்.

1098. சைல்டுலைன், குழந்தைகளுக்கான உதவி எண். மார்ச் 20 முதல் 31 வரை, துன்புறுத்தலிலிருந்து காப்பாற்றச் சொல்லி நாடு முழுக்க 92,000க்கும் மேற்பட்ட அழைப்புகள் என்று செய்தி.

எந்த மூலையில் நின்று பேசியிருப்பார்கள்?


அம்மா குளியலறையில். குழாய் திறந்திருக்கிறது. வாளி நிரம்பி வழிகிற சத்தம். குளிக்கிற சத்தம் இல்லை.

கதவுக்கு அடியில் நான்கு சின்ன விரல்கள். "அம்மா, என்ன பண்ற?"


உலக சுகாதார நிறுவனம், மார்ச்சில்: பயத்தை விளையாட்டிலும் படத்திலும் சொல்லக் குழந்தைகளுக்கு வழி செய்து கொடுங்கள்.

வரைந்தார்கள். எல்லார் படத்திலும் சாம்பல் உருண்டை, சிவப்பு முள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஓவியர்கள் கொடுத்த நிறம் அது. அவ்வளவு சின்ன வைரஸுக்கு நிறமே கிடையாது.

ஒரு குட்டிப்பெண் மட்டும் கறுப்பில் ஒரு செவ்வகம் போட்டாள். கேட் என்றாள்.


சென்னையில் ஒரு காவல் ஆய்வாளர் அதே முள்ளுருண்டையை ஹெல்மெட்டாகப் போட்டுக்கொண்டு வண்டிகளை மறித்தார். பெரியவர்கள் செல்ஃபி எடுத்தார்கள்.


நார்வே, 2020 மார்ச் 16. பிரதமர் எர்னா சூல்பர்க் குழந்தைகளுக்காகவே செய்தியாளர் சந்திப்பு நடத்தினார். கேள்விகள் பிள்ளைகளுடையவை. பயமாக இருந்தால் பரவாயில்லை என்றார்.

எதிர் வீட்டுப் பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். கமறவில்லை. "பாத்தியா, கண்ணுதான்." பையனுக்கு நிம்மதி. அன்று இரவு தூங்கினான்.


செப்டம்பர் 2. பப்ஜிக்குத் தடை. கீழ் வீட்டு அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவனோடு தினமும் விளையாடியவர்களின் முகம் அவனுக்குத் தெரியாது. குரல் தெரியும்.


ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றினார்கள். பிள்ளைகளும் உடனே வேறு ஏதோ பேசினார்கள். யாருக்காக யார் மாற்றினார்கள்?


2021 மே 29. பெற்றோர் இருவரையும் கொரோனாவில் இழந்த குழந்தைகளுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை என்று தமிழக அரசு அறிவித்தது. 18 வயது நிறைந்ததும் வட்டியோடு.

ரேங்க் கார்டில் 'பெற்றோர் கையொப்பம்'. சித்தப்பா போட்டிருக்கிறார். பெயரை முழுதாக எழுதி.


2021 அக்டோபர் 27. விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கம் இல்லம் தேடிக் கல்வி தொடக்கம். மாலை 5க்கும் 7க்கும் இடையில். பிறகு எங்கள் பக்கமும் வந்தது. திண்ணை, மொட்டை மாடி, எங்கே இடமோ அங்கே. தன்னார்வலர், காலேஜ் முடித்த ஒரு பெண்.

ஏழு மணிக்கு ஓர் அம்மா வாசலில்: "இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிக்கிறியாம்மா?"


2021 நவம்பர் 1. ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறப்பு. ஒன்றாம் வகுப்பின் பெஞ்சைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்தவர்கள். ஒருவன் பாடத்தின் நடுவே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

"கேட்டுட்டுத்தான் போகணும்" என்றார் டீச்சர்.

"யாருகிட்ட?"