ரயில் வராத ஊரின் சாவி ரயில்கள்

வல்லம் என்றதும் தஞ்சாவூர்ப் பக்கமா என்று கேட்பவர்களே அதிகம். செங்கற்பட்டுக்கு அருகில் குடைவரைக் கோயில்களோடு இன்னொரு வல்லமும் இருக்கிறது. எங்களுடையது செஞ்சிக்கோட்டைக்குப் பக்கத்து வல்லம். இந்த வட்டாரத்துக்குக் குதிரை உண்டு, ரயில் கிடையாது. 1714-இல் போர்க்களத்தில் மாண்ட தேசிங்குராஜனின் குதிரைக்குக் கதைப்பாடலில் இடம் கிடைத்துவிட்டது. ரயிலேற வேண்டுமென்றால் திண்டிவனம்தான் போகவேண்டும். செஞ்சி வழியாகத் திண்டிவனத்தையும் திருவண்ணாமலையையும் இணைக்கும் சுமார் 70 கிலோமீட்டர் அகலப்பாதை 2006-07 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது. வண்டிதான் இன்னும் ஓடவில்லை. 2025 ஜூலையில் கோட்டை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதைப் பார்க்க வருகிறவர்களும் பேருந்திலும் காரிலும்தான் வந்து இறங்குகிறார்கள்.

ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் ரயில் ஓடுகிறது.

நாங்கள் இருவர்: அக்காவும் தம்பியும். ஐம்பதை ஒட்டியும் தாண்டியும் நிற்கிறோம். எங்கள் ஆறுதல்கள் மிகச் சாதாரணமானவை. அம்மா கையால் இரண்டாவது காப்பி. தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த பழைய பைண்டு புத்தகங்கள் (இறுதி அத்தியாயம் இல்லாதவைதான் பெரும்பாலும் எங்களிடம் இருக்கின்றன). முழங்கால் அனுமதிக்கும் நாட்களில் கல்யாண மகால் வரை ஒரு நடை. ராஜகிரி உச்சியை விட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. இவற்றோடு, சாவி கொடுத்தால் ஓடும் பழைய தகர ரயில்களைப் பழுதுபார்ப்பது. ஒன்பது ஆண்டுகளில் பதினான்கு வண்டிகள் எங்கள் கைக்கு வந்தன, பதினொன்று ஓடுகின்றன.

வேலை பெரிதல்ல, பொறுமைதான் பெரிது. பெரும்பாலான வண்டிகளுக்கு நோய் ஒன்றே: பழைய எண்ணெய் இறுகிப் பிசினாகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து, பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து, தையல் இயந்திர எண்ணெயை ஊசிமுனையால் ஒரு சொட்டு வைத்தால் பாதி வண்டிகள் எழுந்துவிடும். அடுத்தது வில். சுருள்வில் பெரும்பாலும் உள்முனையில், அச்சின் கொக்கியில் மாட்டும் துளையருகே ஒடியும். அந்த நுனியை மட்டும் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, புதிதாகத் துளையிட்டு வளைக்கலாம். கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சினால் எஃகின் விறைப்புப் போய், வில் வெறும் நாடாவாகிவிடும். இப்படி இரண்டு வில்களை நாங்கள் கெடுத்திருக்கிறோம்.

மருந்தே இல்லாத நோயும் உண்டு. போருக்கு முந்தைய காலத்தில் துத்தநாகக் கலவையில் வார்த்த சக்கரங்களில் ஈயம் கலந்துவிட்டால், உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடிப்புவிட்டு ஒருநாள் உதிர்ந்துபோகும். ஓடாத மூன்றில் ஒன்று அப்படிப்பட்டது. சக்கரங்களை ஒரு தீப்பெட்டியில் பொடியாக வைத்திருக்கிறோம். எதற்கென்று கேட்காதீர்கள்.

நிற்க. சொல்ல வந்தது அப்பாவின் எஞ்சினைப் பற்றி.

அப்பா செஞ்சிக் கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்த்தவர். 1979-இல் உதிரிப் பாகம் வாங்கச் சென்னைக்குப் போனவர், மூர் மார்க்கெட்டின் பழைய சாமான் கடையொன்றில் பச்சைநிற எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தார். லிவர்பூல் மெக்கானோ கம்பெனி ஹார்ன்பி என்ற பெயரில் 1920 முதல் செய்த ரயில்களின் வரிசையில் ஒன்று. தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர். (அந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதத் தீயில் அழிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன.) வாங்கும்போதே வில் ஒடிந்திருந்தது. அலாரக் கடிகாரத்தின் வில்லொன்றை வெட்டிப் பொருத்தி ஓடவிட்டார். ஒன்றே முக்கால் சுற்று. பிறகு அலமாரிக்கு நேராக நின்றுவிடும். அம்மா போகிறபோக்கில் காலால் தள்ளிவிடுவார்.

குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தபின் கடைக்கு வேலை குறைந்தது. 1991-இல் மூடினார். நாங்கள் ஒருவர்பின் ஒருவராக விடுதிகளுக்குப் படிக்கப் போனோம். 2011-இல் அப்பா போனார். எஞ்சின் பிஸ்கட் டப்பாவில் கிடந்தது.

சென்ற ஆண்டு, பழம்பொருள் சேகரிக்கும் நண்பரொருவர் அந்த எஞ்சினுக்குரிய அசல் வில்லைத் தேடிக் கொடுத்தார். பொருத்தினால் நாலைந்து சுற்று ஓடும். எங்களுக்குள் சச்சரவு வந்தது அப்போதுதான். செய்தவன் எண்ணியபடி பொருள் இருக்கவேண்டும் என்றார் எங்களில் ஒருவர். அப்பா வைத்த வில்லை எடுப்பதற்கு நாம் யார் என்றார் மற்றவர். இதில் ஒரு தொழில்சிக்கலும் இருந்தது. எஞ்சினின் கூடு தகர நாக்குகளை மடக்கி மூடப்பட்டது. தகரநாக்கு சில முறைதான் வளையும், பிறகு ஒடிந்துவிடும். அப்பா ஏற்கெனவே வளைத்த தழும்புகள் தெரிந்தன. இனி ஒருமுறை திறக்கலாம், மறுமுறைக்கு உறுதியில்லை. எந்த வில்லை வைத்து மூடுகிறோமோ, அதுதான் கடைசி. மூன்று ஞாயிறுகள் அந்த டப்பாவைத் தொடாமலே வேறு வண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அக்காள் தம்பிக்குள் இதற்கெல்லாமா பேச்சு நிற்கும் என்று அம்மா கேட்டார். நின்றுதான் இருந்தது.

நான்காம் ஞாயிறு திறந்தோம். எதிர்பார்த்தபடியே ஒரு நாக்கு ஒடிந்தது. கூட்டின் உட்புறத்தில், வண்ணம் பூசாத தகரத்தில் ஊசியால் கீறிய எழுத்துகள் இருந்தன. கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பின்மூடியின் உட்பக்கத்தில் தேதியைக் கீறிவைப்பது வழக்கம். அப்பா பொம்மைக்கும் அதைச் செய்திருக்கிறார். முதல் தேதி 1979. இரண்டாவது 1983, அந்தக் கோடைவிடுமுறையில் எஞ்சினைக் கிணற்றடியில் போட்டது நாங்கள்தான். மூன்றாவது 7-8-94.

1994 ஆகஸ்டில் நாங்கள் இருவருமே வீட்டில் இல்லை. எஞ்சினைக் கேட்கக் குழந்தை எதுவும் இல்லை. கடையும் இல்லை. அம்மாவிடம் கேட்டோம். "மத்தியானத்துல அவருக்குத் தூக்கம் வராது. அதை எடுத்து வெச்சுக்கிட்டு ஏதாவது நோண்டிக்கிட்டிருப்பார். ஓடவிட்டுப் பார்ப்பார்" என்றார். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "இதையெல்லாமா கடுதாசியில எழுதுவாங்க?" என்றார்.

அசல் வில்லை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அப்பாவின் வில்லைக் கழுவி, எண்ணெய் தடவி, அதே துளையில் மாட்டினோம். ஒடிந்த நாக்கின் இடத்தில் ஈயப்பற்று வைத்தோம், அழகாக வரவில்லை. மூடுமுன் நான்காவது தேதியைக் கீறுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தோம். தம்பி ஊசியை நீட்டினான், அக்கா கீறினாள்.

ஒன்றே முக்கால் சுற்று. அலமாரி இருந்த இடத்தில் இப்போது குளிர்பதனப்பெட்டி. அதற்கு நேராக நின்றது. அம்மாவுக்கு இப்போது காலைத் தூக்கித் தள்ள முடிவதில்லை; ஊன்றுகோல் நுனியால் தள்ளினார்.