சுண்டுவிரல் வீரனுக்குப் பளிங்குத் தரை!

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் என்றதும் பலருக்கும் ராபின் ஹுட்தான் நினைவுக்கு வருவார். கோட்டைக்கு வெளியே வில்லை இழுத்தபடி அவருக்கு ஒரு வெண்கலச் சிலையும் உண்டு. ஆனால், லண்டனிலிருந்து ரயிலில் வந்து இறங்குபவர்களில் ஒரு கூட்டம் அந்தச் சிலையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கையில் ஒரு பெட்டி. உள்ளே மெத்தென்ற பஞ்சுக்கு நடுவே, சுண்டுவிரலைவிடக் குட்டையான போர்வீரர்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். பெட்டி குலுங்காமல், தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் போவதுபோல் பிடித்துக்கொண்டு, அவர்கள் லென்டன் பகுதியை நோக்கி நடப்பார்கள். அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அங்கேதான் 'வார்ஹேமர் வேர்ல்ட்' இருக்கிறது. வாசலில் கவசம் பூண்ட விண்வெளி வீரனின் பிரமாண்ட சிலை. உள்ளே ஆயிரக்கணக்கான குட்டி பொம்மைகளைக் கொண்டு அமைத்த போர்க்களக் காட்சிகள். பக்கத்திலேயே விளையாட்டு மேசைகள் போட்ட பெரிய கூடம். 1983இல் வெளியான 'வார்ஹேமர்' திரையில் ஆடும் விளையாட்டு அல்ல. இருவர் எதிரெதிரே நின்று, டேப் வைத்து அளந்து படையை நகர்த்தி, பகடை உருட்டி மோதுவார்கள். பொம்மைகள் கடையில் சாம்பல் நிற பிளாஸ்டிக் துண்டுகளாகத்தான் கிடைக்கும். வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டுவதெல்லாம் வாங்கியவர் பாடு. பலருக்கு ஆட்டத்தைவிட இதுதான் பெரிய ஈர்ப்பு.

இதைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப், 1975இல் லண்டனில் மூன்று நண்பர்கள் தொடங்கியது. இன்று தலைமையகமும் தொழிற்சாலையும் நாட்டிங்ஹாமில். 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலிலும் நுழைந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் பொம்மைப் படை தயாரிக்கும் வேறு நிறுவனங்களும் இருக்கின்றன. முன்பு ஈயக் கலவையில் வார்த்ததால், இந்தப் பகுதிக்கு 'ஈய வட்டாரம்' என்றே செல்லப் பெயர்.

அங்கே வரும் படைகளில், வீரர்கள் நிற்கும் அடித்தட்டைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் வட்டம். சிலவற்றில் மணலும் புல்லும். சிலவற்றில் கரும்பச்சைப் பளிங்கு! வெள்ளை நரம்போட, அரண்மனைத் தரையிலிருந்து பெயர்த்தெடுத்ததுபோல் மின்னும். தொட்டுப் பார்த்தால்தான் பிளாஸ்டிக் என்று தெரியும். ஆனால், தொடக் கூடாது. அது அந்தக் கூட்டத்தின் முதல் மரியாதை.

இந்தப் பளிங்கை எப்படி வரவழைக்கிறார்கள்? முதலில் கறுப்பு அடிவண்ணம். அது காய்ந்ததும், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துணுக்கைக் கிள்ளி, கரும்பச்சையைத் தொட்டு, பெரும்பகுதியைத் தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சத்தைத் திட்டுத்திட்டாக ஒற்றுவார்கள். அதன்மேல் கொஞ்சம் வெளிர்பச்சை. இதுவரை யாரும் செய்துவிடலாம்.

நரம்பு வரைவதில்தான் ஆட்டம் காணும். நன்றாக வரையத் தெரிந்தவர்களே இங்கே தோற்பதுண்டு. காரணம், அவர்கள் கை நேராகப் போகும். கல்லுக்கு அந்த ஒழுங்கு தெரியாது. சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து மாறியதே பளிங்கு. கல்லில் கலந்திருந்த களிமண்ணும் இரும்பும் நிறக் கோடுகளாகின்றன. பின்னால் விழுந்த விரிசல்களில் வெள்ளைக் கனிமம் நிரம்பி, அவையும் நரம்புகளாகின்றன. ஆக, வரைய வேண்டியது விரிசலை. அது ஓர் இடத்தில் தடிக்கும், சட்டென்று மெலியும், கிளை பிரியும், பாதியில் காணாமல் போகும். அதனால் தூரிகையின் வால்பக்கத்தைத் தளர்வாகப் பிடித்து, விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே இழுப்பார்கள். கை கொஞ்சம் நடுங்கினால் இங்கே லாபம்தான்!

இரண்டு நரம்புகள் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொண்டால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். எல்லாம் ஒரே இடைவெளியில் ஓடினால் அது பளிங்கல்ல, பைஜாமா துணி. இன்னொன்றைப் பலர் மறந்துவிடுவார்கள். மேல்பரப்பில் ஓடிவரும் நரம்பு, தட்டின் விளிம்பில் மடங்கிப் பக்கவாட்டிலும் இறங்க வேண்டும். கல் உள்ளேயும் கல்தானே? அந்த ஒரு கோட்டை விட்டுவிட்டால், மூன்று மணி நேர வேலை மேலே ஒட்டிய ஸ்டிக்கராகத் தெரியும்.

வரைந்த நரம்புகள் முதலில் பளிச்சென்று மிதக்கும். அவற்றைக் கல்லுக்குள் அமிழ்த்த, நீர்த்த பச்சையை மெல்லிய படலமாகப் பூசி, சில இடங்களில் மட்டும் வெள்ளையை மறுபடி தொட வேண்டும். கடைசியாகப் பளபளப்பு வார்னிஷ். வீரனின் உடலுக்கு மங்கல், கால் கீழே மட்டும் மினுக்கம். ஈரம் உலர்ந்ததும் கறுப்புக்குள் ஓர் ஆழம் தெரியும்.

குறுக்கு வழியும் உண்டு. கிழிந்த வலைத்துணியைத் தாறுமாறாக இழுத்துப் போர்த்தி, மேலிருந்து ஏர்பிரஷ்ஷால் தூவினால், இழைகள் மறைத்த இடமெல்லாம் நரம்பாக நிற்கும். இந்த வேலைக்கு வலைத்துணி எடுப்பது நாட்டிங்ஹாமுக்குப் பொருத்தம்தான். ஒரு காலத்தில் உலகத்துக்கே லேஸ் பின்னிக் கொடுத்த ஊர் இது. 'லேஸ் மார்க்கெட்' என்ற பேட்டையின் செங்கல் கிடங்குகள் இன்றும் நிற்கின்றன. அந்தத் தொழில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நம் தாத்தாக்கள் பெருமையாகத் துடைத்து வைத்திருந்த ராலே சைக்கிளும் இந்த ஊர்ச் சரக்குதான். இங்கே அதன் உற்பத்தி 2002இல் நின்றது.

அதற்கும் வெகுமுன்பே ஒரு தொழில் இங்கே செத்திருக்கிறது. 14ஆம் நூற்றாண்டிலிருந்து நாட்டிங்ஹாம் சிற்பிகள் அலபாஸ்டர் என்ற வெண்கல்லில் புனிதர்களின் உருவங்களைச் செதுக்கி, ஐரோப்பா முழுக்க விற்றார்கள். நகத்தால் கீறினாலே தடம் விழும் மிருதுவான கல் அது. 1491இல் நிக்கோலஸ் ஹில் என்பவர், தான் விற்கக் கொடுத்த 58 புனித யோவான் தலைகளுக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட்ட பதிவு இருக்கிறது. ஐம்பத்தெட்டு! அன்றைக்கே வரிசை வரிசையாக வடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

செதுக்கிய கல்லை அப்படியே விடவில்லை. உடைக்கு நீலம், சிவப்பு, தலைமுடிக்குப் பொன். காலடித் தரைக்குக் கரும்பச்சை பூசி, அதில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்துப் பூக்கள். பளிங்குபோன்ற கல்லை வண்ணத்தால் மூடிய ஊரில்தான், இன்று பிளாஸ்டிக்கை வண்ணத்தால் பளிங்காக்குகிறார்கள்.

16ஆம் நூற்றாண்டின் மதச் சீர்திருத்தம் அந்தப் பட்டறைகளை மூடியது. தேவாலயங்களில் உருவங்களே இருக்கக் கூடாது என்று 1550இல் சட்டம் வந்தது. எத்தனையோ உருவங்கள் உடைந்தன. பல, கப்பலேறி பிரான்ஸ் போய்ப் பிழைத்தன. நாட்டிங்ஹாமுக்குத் தெற்கே ஃப்ளாஃபோர்டு தேவாலயத்தில் மட்டும் யாரோ மூன்று சிலைகளைத் தரைக்கு அடியில் புதைத்து வைத்திருந்தார்கள். 1779இல் அந்தக் கட்டடத்தை இடித்தபோது அவை வெளியே வந்தன. குழந்தையை ஏந்திய மாதா, புனித பேதுரு, ஓர் ஆயர். இப்போது நாட்டிங்ஹாம் கோட்டை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.

கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான். லென்டனுக்குப் பெட்டியோடு போகிறவர்கள், திரும்பும் ரயிலுக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.