தொலைபேசியில் சொன்ன வைத்தியம்

சித்திரபுரத்துத் தேயிலைச் சரிவில் கொழுந்து கிள்ளிய என் தமக்கைக்கு விரல் மூட்டுகள் வீங்கின. கன்னங்களில் செந்தடிப்புப் படர்ந்தது. வெயில் பட்டால் அது மிகும். மருத்துவர் லூபஸ் என்றார்; ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை நாள்தோறும் விழுங்கச் சொன்னார். மெல்லப் பயன் தரும் மருந்து. குணம் தெரிய மாதங்கள் ஆகும்.

வீக்கம் வடிந்ததும், "மலேரியா மாத்திரை உனக்கெதற்கு?" என்றனர் அண்டை வீட்டார். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. மலேரியா மருந்துகளின் குலம்தான் அது. மெப்பாக்ரின் என்னும் மலேரியா மருந்து லூபஸைத் தணிப்பதை 1951இல் பேஜ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் எழுதிய பின், அக்குலத்துக்கு இந்தப் புதுவேலை பரவலாயிற்று.

ஆனால் நிறுத்தச் சொன்னவர்கள் அண்டை வீட்டார் அல்லர், நான். பிழைப்புக்காகச் சென்னையில் இருந்த நான், "கண்ணைக் கெடுக்குமாம், விட்டுவிடு அக்கா" என்று தொலைபேசியில் சொன்னேன். நெடுங்காலம் உண்டால் விழித்திரையைத் தாக்கக்கூடும் என்பது மெய்யே. அதற்குக் காப்பு உடல் எடைக்கேற்ற அளவும் முறையான கண் பரிசோதனையும் என்பதை யாரிடமும் கேட்டேனில்லை. நோய் அடங்கியிருந்தவர்களும் இம்மருந்தை நிறுத்தினால் அது மீண்டும் சீறும் வாய்ப்பு இரண்டரை மடங்காகிறது என்று 1991இலேயே கனடா நாட்டு ஆய்வொன்று காட்டியிருந்தது. பின்னர்தான் படித்தேன்.

நான்காம் மாதம் அவள் கால்கள் வீங்கின. சிறுநீரில் புரதம் இறங்கியது. மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது மாத்திரை அட்டை தேயிலைத்தூள் டப்பாவின் மேல் இருக்கிறது. மாலையில் நான் அழைத்தால், நலம் கேட்குமுன்பே, "போட்டுவிட்டேனடா" என்கிறாள்.