அம்மாவின் கைகளுக்காக ஒரு பழைய மெஷின்!

ராத்திரி பதினொன்றரை மணி. கைக்குழந்தை அப்போதுதான் கண் அசந்திருந்தது. சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம். மகள் எழுந்து போய்ப் பார்த்தால், விளக்கைக்கூடப் போடாமல் அம்மா சிங்க் முன்னால் நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"தண்ணில கை வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"ரெண்டே ரெண்டு டம்ளர்தான்டி. நீ போய்ப் படு."

சிங்கில் இருந்தது குக்கர், பால் பாத்திரம், ரசச் சட்டி, நான்கு தட்டு, ஆறு பால் பாட்டில். அம்மாவின் விரல் இடுக்குகளில் தோல் வெடித்து, ரத்தக் கோடுகள் தெரிந்தன.

திண்டுக்கல்லில் இருந்து மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்கு வந்தவர் அவர். அக்டோபரில் வந்தவருக்கு ஆறு மாதம் தங்க அனுமதி. டிசம்பர் குளிரில் காற்று வறண்டது. வெந்நீரும் சோப்பும் சேர்ந்து கையைப் பதம் பார்த்துவிட்டன. "சோப்பால் வந்த தோல் அலர்ஜி. கை ஈரம் படாமல் இருந்தால்தான் ஆறும்" என்றார் டாக்டர். ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தார்கள். ஒரே நாளில் கழற்றிப் போட்டுவிட்டார். "பிசுக்கு போச்சா இல்லையான்னு விரலுக்குத் தெரிய வேணாமா?"

மருமகன் கழுவ வந்தால் இன்னும் சங்கடம். "நீங்க விடுங்க மாப்ள. நான் இருக்கும்போது நீங்க போய் சிங்க்ல நிக்கிறதா?" என்று ஸ்பாஞ்சைப் பிடுங்கிக்கொள்வார். மகளுக்குச் சிசேரியன். ரொம்ப நேரம் நின்றால் இடுப்பு விட்டுப்போகும்.

"அம்மா கையும் ஆறணும், அவங்க ஊருக்குப் போன பிறகு இங்கேயும் சமாளிக்கணும்" என்று மகள் யோசித்தபோதுதான் டிஷ்வாஷர் ஞாபகம் வந்தது.

நாற்பது டாலர் மெஷின்

குடியிருப்பது டேட்டன் நகரத்தில் பழைய வாடகை வீடு. அமெரிக்காவில் பெரும்பாலும் டிஷ்வாஷர் சமையல் மேடைக்குக் கீழே, அலமாரியோடு அலமாரியாகப் பொருத்தப்பட்டிருக்கும். 24 அங்குல அகலம், தனிக் குழாய் இணைப்பு, சுவருக்குள்ளேயே வரும் மின்சார ஒயர். இந்த வீட்டில் அதற்கான இடமே இல்லை. அலமாரியை வெட்டவோ குழாயை மாற்றவோ கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே இருந்தது.

சக்கரம் வைத்த டிஷ்வாஷர்களும் உண்டு. தேவைப்படும்போது சிங்க் பக்கம் உருட்டி வந்து, குழாயில் மாட்டி, வேலை முடிந்ததும் ஓரமாகத் தள்ளிவிடலாம். ஆனால், புதிதாக வாங்க சில நூறு டாலர் வேண்டும். ஒரே சம்பளம், அதிலும் பிரசவச் செலவு முடிந்த கையோடு... யோசிக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தெருவில் 'எஸ்டேட் சேல்'. வயதானவர்கள் காலமானாலோ முதியோர் இல்லத்துக்குப் போனாலோ, வீட்டுப் பொருள்களை வீட்டிலேயே வைத்து விற்பார்கள். தொட்டில் கிடைக்குமா என்று பார்க்கப் போன இடத்தில், சமையலறையில் பொன் மஞ்சள் நிறத்தில் நின்றது அந்த மெஷின். எழுபதுகளில் அமெரிக்கச் சமையலறைகளைப் பிடித்து ஆட்டிய நிறம் அது. 'கிச்சன்எய்ட்' என்று கதவில் எழுதியிருந்தது. விலை 40 டாலர். கழற்றி எடுத்துப் போவது வாங்குபவர் பொறுப்பு.

மகள் மதுரையில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தவர். கணவரின் வேலை விசாவைச் சார்ந்து வந்ததால், அங்கே வேலைக்குப் போக அவருக்கு அனுமதி இல்லை. ஸ்பானர் பிடித்த கை நாலு வருடமாகச் சும்மா இருந்தது.

அவர் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். உட்புறம் இரும்புத் தகட்டின் மேல் பீங்கான் பூச்சு. எங்கும் பெயர்ந்து துருப்பிடிக்கவில்லை. தட்டு அடுக்கும் கம்பிக் கூடைகளில் மட்டும் இரண்டு மூன்று இடத்தில் துரு. அடித் தகட்டைக் கழற்றி மோட்டாரைக் கையால் சுற்றினார். தடையில்லாமல் சுற்றியது.

"ஏங்க, இதை வாங்கலாம்."

"இதுக்கு உன்னைவிட வயசு ஜாஸ்தி" என்றார் கணவர்.

விற்பவர், இறந்துபோன மூதாட்டியின் மகள். அவருக்கே அறுபது வயதிருக்கும். "என் அம்மா கடைசி வரை இதைத்தான் பயன்படுத்தினார். நிஜமாகவே ஓட்டப்போகிறீர்களா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். "என் அம்மாவுக்காக" என்று மகள் சொன்னதும், பத்து டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கழற்ற இரண்டு மணி நேரம் ஆனது. முதலில் மெயின் பெட்டியில் மின்சாரத்தை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்தார்கள். பிறகு தண்ணீர் வால்வை மூடி, குழாயையும் கழிவு ஹோஸையும் விடுவித்தார்கள். கடைசியாக, மேடையின் அடிப்பக்கத்தோடு மெஷினைப் பிடித்திருந்த இரண்டு சிறு ஸ்க்ரூக்களைக் கழற்றினார்கள். அந்த இரண்டு ஸ்க்ரூக்களை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

கடன்காரர்கள் வாசலில் நின்றபோது...

மெஷின் கராஜுக்கு வந்து சேர்ந்ததும் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதை எவன்டி கண்டுபிடிச்சான்?"

"எவனும் இல்லம்மா. ஒரு பொம்பளை."

ஜோசஃபின் காக்ரேன். இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் ஊர்க்காரர். வசதியான வீடு. விலை உயர்ந்த பீங்கான் தட்டுகள் கழுவும்போது உடைபடுவது அவருக்குப் பெரிய மனக்குறை. 1883-ல் கணவர் இறந்தார். விட்டுப்போனது கடன். மெஷின் யோசனை அதன் பிறகு பொழுதுபோக்காக இருக்க முடியவில்லை, பிழைப்பாக மாறியது. தட்டு, கோப்பை ஒவ்வொன்றையும் அளந்து, அதற்கேற்றபடி கம்பியை வளைத்து அறைகள் செய்தார். அவற்றை ஒரு சக்கரத்தில் பொருத்தி, செப்புக் கொப்பரைக்குள் வைத்து, சூடான சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக் உதவினார். 1886 டிசம்பர் 28-ல் காப்புரிமை கிடைத்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் மெஷின் பரிசு வாங்கியது. ஹோட்டல்கள் வாங்கின. வீடுகள் வாங்கவில்லை. விலையும் அதிகம், பல வீடுகளில் அத்தனை வெந்நீரும் கிடையாது.

1913-ல் அவர் காலமானார். 1926-ல் அந்த கம்பெனியை ஹோபார்ட் வாங்கியது. 1949-ல் அதுதான் கிச்சன்எய்ட் பெயரில் வீட்டுக்கான டிஷ்வாஷரைக் கொண்டுவந்தது. ஹோபார்ட்டின் ஊர் ட்ராய். டேட்டனில் இருந்து அரை மணி நேரப் பயணம்தான்.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "கடன்காரன் வாசல்ல வந்து நின்னா, பொம்பளைக்கு எல்லா வேலையும் தானா வந்துரும்."

சக்கரம் வைத்தால் போதுமா?

அலமாரிக்குள் செருகும் மெஷினுக்குப் பக்கத் தகடோ மேல் தகடோ கிடையாது. முக்கால் அங்குல ப்ளைவுட்டில் மூன்று பக்கமும் மேலும் மூடிய பெட்டி செய்தார்கள். கீழே கனமான மரச்சட்டம், நான்கு மூலையிலும் பிரேக் வைத்த சக்கரங்கள். எர்த்தோடு கூடிய தடிமனான மூணு பின் ஒயரை, இழுத்தாலும் பிடுங்கிக்கொள்ளாதபடி கிளிப் வைத்து இணைத்தார் மகள். "தண்ணியும் கரன்ட்டும் சேர்ற இடம். இதுல என் படிப்பை மட்டும் நம்ப முடியாது" என்று, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்துச் சரிபார்த்த பிறகுதான் பிளக்கைச் செருகினார். எக்ஸ்டென்ஷன் ஒயரில் போடவே கூடாது என்று அவர் எச்சரித்துவிட்டுப் போனார்.

தண்ணீருக்கு, சக்கர டிஷ்வாஷர்களில் வரும் கப்ளிங்கைத் தனியாக வாங்கினார்கள். சிங்க் குழாயின் நுனியை மட்டும் மாற்றினால் அது 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். ஒரு ஹோஸில் வெந்நீர் உள்ளே போகும், இன்னொன்றில் அழுக்குத் தண்ணீர் வெளியே வந்து சிங்கில் விழும். வீட்டுக்காரரின் குழாயில் கை வைக்கவே தேவையில்லை.

முதல் சோதனை கராஜில். எதிர்பார்த்தது போலவே மோட்டாருக்குக் கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ரொம்ப நாள் ஓடாத பம்ப்பில் சீல் காய்ந்து இறுகிவிடும். இது கோயம்புத்தூரில் மகள் தினமும் பார்த்த வியாதி. சீலை மாற்றினார். கதவு ஓர ரப்பரையும் மாற்றினார். சொட்டு நின்றது.

மார்ச் முதல் வாரம் மெஷின் சமையலறைக்கு வந்தது. அம்மா ஆசையாகக் கீழ்க்கூடை நிறைய அடுக்கினார். குக்கர் பாத்திரம், கனமான எவர்சில்வர் சட்டிகள், தட்டுகள். கூடையை முழுசாக வெளியே இழுத்தார்.

மெஷின் அப்படியே முன்பக்கம் சாய்ந்தது.

மகள் பாய்ந்து மேல்பக்கத்தைப் பிடித்தார். கணவர் ஓடிவந்து நிமிர்த்தினார். இரண்டு பீங்கான் கிண்ணங்கள் நொறுங்கின. அம்மாவின் காலுக்கு அரை அடி தூரத்தில் சட்டி உருண்டது. குழந்தை ஆடும் நாற்காலியில், சமையலறை வாசலில் இருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மாதான் மெதுவாகச் சொன்னார். "வேணாம்டி. என் கைக்கு ஒண்ணும் இல்ல. இதைத் தூக்கிப் போட்டுரு."

அன்று இரவு மகளுக்குத் தூக்கமே இல்லை. அந்த இரண்டு ஸ்க்ரூக்கள்! மேடையோடு மெஷினைப் பிடித்திருந்தது அலங்காரத்துக்காக இல்லை. கதவு திறந்து கூடை வெளியே வரும்போது கவிழாமல் காத்தவை அவைதான். சக்கரம் வைப்பதற்காகக் கழற்றியபோது, அவை செய்த வேலையையும் சேர்த்தே கழற்றிவிட்டார்கள்.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். சீசா பலகை போலத்தான். முன் சக்கரம் நடு மையம். திறந்த கதவும் நிறைந்த கூடையும் ஒரு பக்கம், மெஷின் மறுபக்கம். அதிலும் இன்னொரு விஷயம் இருந்தது. சுழலும் சக்கரம் உள்பக்கமாகத் திரும்பி நின்றால், தாங்கும் இடம் மேலும் சில அங்குலம் பின்னால் போய்விடுகிறது. கவிழ்வது இன்னும் சுலபம்.

மறுநாள் பெட்டியைப் பின்பக்கம் ஒரு சாண் நீட்டி, அதற்குள் மூன்று கான்கிரீட் கட்டிகளை வைத்து, பட்டை போட்டு இறுக்கினார். ஒவ்வொன்றும் சுமார் 15 கிலோ. முன்பக்கம், சக்கரங்களுக்கும் முன்னால், திருகி இறக்கும் இரண்டு இரும்புக் கால்களைப் பொருத்தினார். கதவைத் திறக்கும் முன் கால்களை இறக்க வேண்டும். குழந்தையை வேறு அறையில் விட்டுவிட்டு, கூடையில் அரிசி மூட்டையை வைத்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கதவின் மேல் கையை வைத்து அழுத்தினார். அப்போதும் அசையவில்லை.

அம்மாவின் சட்டதிட்டங்கள்

அதற்குப் பிறகும் ஒரு கூத்து நடந்தது. டிஷ்வாஷர் பவுடர் தீர்ந்த அன்று, கையால் தேய்க்கும் சோப்புத் திரவத்தை அம்மா ஒரு கரண்டி ஊற்றிவிட்டார். கதவிடுக்கு வழியாகப் பொங்கி வந்த நுரையை அரை மணி நேரம் அள்ளினார்கள்.

ஆனால், இரண்டு வாரத்தில் அம்மாவே சட்டம் போட ஆரம்பித்தார். ஆன் செய்யும் முன் குழாயில் வெந்நீர் வரும் வரை திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால், முதல் தண்ணீர் பச்சைத் தண்ணீராகப் போய்ப் பிசுக்கு விடாது. இரும்புத் தோசைக்கல் உள்ளே போகக் கூடாது. பழக்கிய எண்ணெய்ப் பதம் போய்த் துருப்பிடிக்கும். அலுமினியம் கறுத்துப்போகும். ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த ஈயச்சொம்பு, அந்தப் பக்கமே வரக் கூடாது.

பழைய மெஷினில் குறையும் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 2013-ல் நடைமுறைக்கு வந்த விதி, சாதாரண அளவுள்ள புது டிஷ்வாஷர் ஒரு முறைக்கு 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர் தண்ணீருக்கு மேல் எடுக்கக் கூடாது என்றது. இந்தக் கிழட்டு மெஷின் அதைப்போல இரு மடங்குக்கு மேல் குடிக்கிறது. அதனால், நாள் முழுக்கச் சேர்த்து, ராத்திரி ஒரே ஒரு முறைதான் ஓட்டம். சக்கரம், ஹோஸ், ப்ளைவுட், எலெக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்தும், புதிதுக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகவில்லை.

மார்ச் கடைசியில் அம்மாவின் விரல் இடுக்குகளில் புதுத் தோல் வந்திருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மெஷின் ஓடும் சத்தம் கேட்க, அம்மா சோபாவில் உட்கார்ந்து பேரனைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். ஐந்து மாதத்தில் அந்த நேரத்துக்கு அவர் சும்மா உட்கார்ந்து மகள் பார்த்ததில்லை. "எனக்கு இங்க வேலையே இல்லாமப் பண்ணிட்டியே" என்று ஒருநாள் குறைபட்டுக்கொண்டார். மகள் பதில் சொல்லாமல், குழந்தையின் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துத் தன் தலையைக் காட்டி உட்கார்ந்தார். ஆறிய விரல்களால் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார்.

ஏப்ரலில் அம்மா ஊருக்குக் கிளம்பினார். இப்போது தினமும் திண்டுக்கல்லில் இருந்து வீடியோ கால். முன்பெல்லாம் முதல் கேள்வி "சாப்பிட்டியா?" என்றிருக்கும்.

இப்போது, "மெஷின் போட்டியா? முதல்ல காலை இறக்கினியா?"