காயும் பழமும்



போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று நாளாக மனசு அரித்துக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான். டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்த பிறகும் நிறுத்த மாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியாததா? பொறுமையாக வாசியுங்கள்.

1978 முதல் 80 வரை நான் பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி படித்தேன். விடுதியில் ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் இருந்தோம். அதனால் ஊர்ப்பெயரையே கூப்பிடு பெயராக்கிவிட்டார்கள். நான் சாயர்புரம். என் கூட்டாளிகள் சுரண்டை, டோனாவூர், நாசரேத். ஒரே வரிசையில் படுத்து, ஒரே ஊறுகாய்ப் பாட்டிலில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள். நாற்பத்தைந்து வருடம் ஆகியும் எங்களுக்குள் அந்தப் பெயர்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் சுரண்டை போன் பண்ணினாள். "ஏட்டி, கூந்தன்குளத்துல பறவை நிறைய வந்திருக்காம். நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் போறோம். வேன் சொல்லியாச்சு. நாசரேத்தும் வாரா. நீ சாக்குப்போக்கு சொன்னா வீட்டுக்கு வந்து தூக்கிட்டுப் போயிருவேன்."

சாக்குப்போக்கு என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாசரேத் வருகிற இடத்துக்கெல்லாம் பன்னிரண்டு வருடமாக எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். ஏன் என்று சுரண்டைக்கும் டோனாவூருக்கும் தெரியாது. இந்த முறை என்னவோ, சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை நாலரைக்கே எழுந்து புளிசாதம் கிளறி, பருப்புத் துவையல் அரைத்து, பத்து முட்டை அவித்து, தூக்குவாளியில் எடுத்து வைத்தேன். அதனால் ஆலயத்துக்குப் போகத் தாமதமாகிவிட்டது. எங்கள் ஊசிக்கோபுர ஆலயம் 1826-இல் கட்டியது. பாளையங்கோட்டையில் படித்த உங்களுக்கு அந்தக் கோபுரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே பெண்கள் பக்கம் நிரம்பியிருந்தது. ஒரே ஒரு இடம்தான் காலி. அது நாசரேத்துக்குப் பக்கத்தில். வழக்கமாக நான் அவளுக்கு நாலு வரிசை பின்னால் உட்காருகிறவள்.

எங்கள் தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில், காணிக்கைக்கு முன்னால் சமாதானம் கொடுக்கிற வழக்கம் உண்டு. ஐயர் பீடத்திலிருந்து கொடுப்பார். அது கைக்குக் கை மாறிக் கடைசி வரிசை வரை வரும். அடுத்தவர் கையை நம் இரண்டு கைகளுக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். அன்று எனக்கு அது அவள் கையிலிருந்து வந்தது. "உங்களுக்குச் சமாதானம்" என்றாள். ஏட்டி என்று கூப்பிட்டவள் "உங்களுக்கு" என்றது சுருக்கென்று தைத்தது. காணிக்கை செலுத்துமுன் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று வேதம் சொல்வதை எத்தனை ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! அன்று காணிக்கைப் பை என் முன்னால் வந்தபோது கை நடுங்கியது.

பத்தரைக்கு வேன் கிளம்பியது. மூலைக்கரைப்பட்டி வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். கூந்தன்குளத்தைப் பார்க்காத பிள்ளைகள் கட்டாயம் ஒருமுறை போய் வாருங்கள். 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். மணிமுத்தாறு தண்ணீர் வந்து குளம் நிறையும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலும் கூடு கட்டியிருக்கின்றன. கரண்டிவாயன் பார்த்தோம். வரித்தலை வாத்து பார்த்தோம். அது இமயமலையைத் தாண்டி நம் ஊருக்கு வருகிற பறவை. அந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி போட மாட்டார்கள்.

வாசலில் முறம் புடைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் டோனாவூர் அதைப் பற்றிக் கேட்டாள். "பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு வர்ற பிள்ளைய யாராவது வெடி போட்டு விரட்டுவாவளா?" என்று அந்தப் பாட்டி எங்களையே திருப்பிக் கேட்டார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மர நிழலில் சாப்பிட்டோம். சுரண்டையும் டோனாவூரும் பறவை பார்க்கிற கோபுரத்தில் ஏறிவிட்டார்கள். மூட்டுவலிக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் கீழே. நானும் நாசரேத்தும். குளத்தங்கரையில் மெதுவாக நடந்தோம். பத்து நிமிடம் பேச்சே இல்லை.

பிள்ளைகளே, இனி எழுதுவதை அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். 2013-இல் அவள் கணவருக்கு இருதய ஆபரேஷன். எங்கள் ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்க இன்னொரு உறுப்பினர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். "நாளைக்குச் சாயங்காலம் பாரத்தோட வீட்டுக்கு வாரேன்" என்று போனில் சொன்னாள். நானும் வா என்றேன். எனக்கு அப்போது மகள் கல்யாணம் மூன்று மாதத்தில். கடன் நின்றுபோனால் என் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களே என்று ராத்திரி முழுக்கப் பயம். பயந்தது தப்பில்லை. அவளிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் வந்தபோது அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பிளஸ் டூ படித்த என் மகனை அனுப்பி, "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்ல வைத்தேன். உங்களையெல்லாம் பொய் சொன்னதற்காக முட்டி போட வைத்த அதே டீச்சர்தான்.

அதன் பிறகு அவளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பார்க்கிற இடத்தில் "நல்லாயிருக்கியளா" என்பதோடு சரி. அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

கரையில் நின்று, "நாசரேத், அன்னைக்கு நான் வீட்டுலதான் இருந்தேன்" என்றேன்.

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும். உன் செருப்பு வாசல்ல கிடந்துச்சு. கட்டைவிரல் வார் அறுந்து, நீ சிவப்பு நூல் போட்டுத் தச்ச செருப்பு" என்றாள்.

எனக்குக் காலுக்குக் கீழே பூமியே இல்லாத மாதிரி இருந்தது.

அவளே பேசினாள். "கையெழுத்து மறுநாளே கிடைச்சிட்டு. ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சுது. அவுக மூணு வருஷம் இருந்துட்டுத்தான் போனாவ. கையெழுத்துக்காக எனக்குக் கோவம் இல்லட்டி. முடியாதுன்னு நீ என் முகத்தப் பார்த்துச் சொல்லியிருந்தா, சரின்னு உன் வீட்டுல ஒரு காப்பி குடிச்சிட்டுப் போயிருப்பேன். அந்தப் பிள்ளையப் பொய் சொல்ல வச்சிட்டியே. அவன் தலையக் குனிஞ்சிட்டே சொன்னான். திரும்பி வரும்போது எனக்கு அவன் முகம்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு."

மன்னிப்புக் கேட்டேன். அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை. அவள் உடனே கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. "பன்னெண்டு வருஷம் ஆகியிருக்கு உனக்கு வாய் திறக்க" என்றாள். அது நியாயமான கோபம். கொஞ்ச தூரம் முன்னால் நடந்தவள், நின்று திரும்பினாள். "வா, வெயிலு ஏறுது. உனக்கு பிரஷர் வேற இருக்கு" என்றாள்.

இரண்டாம் வகுப்பில் நீங்கள் சண்டை போட்டால் சுண்டுவிரலைக் காட்டிக் "காய்" விடுவீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் "பழம்" விட்டுவிட்டு ஒரே தட்டில் கை வைப்பீர்கள். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். முப்பத்தெட்டு வருடம் உங்கள் முன்னால் நின்றும் அந்தப் பாடத்தை உங்களிடமிருந்து நான் படிக்கவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு வீடு வந்து, கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, சென்னையில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டேன். அவனுக்கு இப்போது ஐந்து வயதில் ஒரு மகள். "தம்பி, நாசரேத் அத்தை வந்த அன்னைக்கு உன்னைப் பொய் சொல்ல வச்சேன், ஞாபகம் இருக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இருக்கும்மா" என்றான். "தப்பு பண்ணிட்டேன்" என்றேன். "சரிம்மா, தூங்குங்க" என்றான். குரல் கம்மியிருந்தது.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு வாசல் பாக்கி இருந்தால், டீச்சர் மாதிரிப் பன்னிரண்டு வருடம் ஆக்காதீர்கள். இதை வீட்டுப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிறு மத்தியானம் நாசரேத் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள். "கறிக்கொழம்பு வை, காரம் கம்மியா" என்று உத்தரவு வந்திருக்கிறது. பறவைப் படங்கள் எல்லாம் டோனாவூர் போனில் இருக்கின்றன. அனுப்பியதும் போடுகிறேன்.