விதைநெற் குதிர்

குதிர் வைத்த வீடுகள் இக்காலத்து அருகிவிட்டன. மண்ணாற் செய்து உலர்த்திய அந்நெடுங்கலத்துள் அடுத்த பருவத்திற்குரிய விதைநெல்லை இட்டு வைத்தல் உழவர் வழக்கம். ஒரு குதிரில் சீரகச் சம்பா இருப்பின், அதன்கண் வேறு நெல் ஒரு படியும் சேராவண்ணம் வீட்டுப் பெரியோர் காத்தனர். சேர்ந்துவிடின் என்னாகும்? இருட்டில் கொட்டியவர் அறியார். விதைக்க அள்ளியவரும் அறியார். நாற்றாக நிற்கும்பொழுதும் வேற்றுமை எளிதிற் புலப்படாது. கதிர் வெளிப்பட்ட பின்னரே, ஒரு வயலில் இருவேறு பயிர் நிற்கக் கண்டு உழவன் திகைப்பான். பிழை நேர்ந்தது வீட்டில், வெளிப்பட்டது வயலில். இடையே திங்கள் பல கழிந்தன. கலந்தவர் யார் என்று இனி வினவி யாது பயன்?

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர்க்கும் இத்தகைய இடர் ஒன்று நெடுங்காலம் இருந்தது. பொருள்நோக்கு நிரலாக்கம் என்னும் முறையில், நிரலுள் வழங்கும் ஒவ்வொரு பொருளும் ஓர் இனக்குழுவைச் சார்ந்தது. பெயர் ஓர் இனம். நாள் மற்றோர் இனம். பல பொருள்களை ஒருங்கே வைத்துக்கொள்ளுதற்கு அமைந்த கலத்தைத் தொகுப்பு என்பர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1995-ஆம் ஆண்டில் ஜாவா என்னும் நிரல்மொழியை உலகிற்கு அறிவித்தனர். அம்மொழிக்கு ஜோஷுவா பிளாக் என்பார் வகுத்த தொகுப்பு நூலகம் 1998-இல் வெளிவந்தது. அழகிய அமைப்புடையது அது. ஆயினும் அக்கலங்கள் குறியிடாத குதிர்களாகவே இருந்தன. ஜாவாவில் எல்லா இனக்குழுக்களுக்கும் மூதாதையாக 'ஆப்ஜெக்ட்' என்பது ஒன்றுண்டு. கலமானது தன்னுள் இருப்பவற்றை எல்லாம் அப்பொதுப்பெயராலேயே அறியும். ஆதலின், ஒன்றை வெளியே எடுக்குந்தோறும் 'இஃது இன்ன இனத்தது' என்று நிரலர் தம் பொறுப்பில் உறுதி எழுதித் தரவேண்டியிருந்தது.

மாணவர் பெயர்களைத் தொகுக்கும் நிரல் ஒன்றைக் கருதுக. அதன் ஒரு மூலையில், பெயர் இடவேண்டிய கலத்தில் எவரோ பிறந்த நாளை இட்டுவிட்டார். கலம் மறுக்கவில்லை. வேறொரு நாள், வேறொருவர் எழுதிய பகுதி அதனைப் பெயரென்று நம்பி எடுக்கும். அக்கணமே நிரல் நின்றுவிடும். பழி எடுத்தவர்மேல் விழும், பிழையோ இட்டவருடையது. நின்ற நிரல் ஒரு தேர்வுப் பட்டியலைப் பாழாக்கலாம். ஒரு நோயாளியின் மருந்துக் குறிப்பையும் தடுக்கலாம்.

நிரலை ஓடவிடுமுன் அதனைப் படித்துப் பார்க்கும் நிரல்பெயர்ப்பி, கண்டிப்பான இலக்கண ஆசிரியரைப் போன்றது. 'மாடு வந்தான்' என்று எழுதின், திணைவழு என்று ஆசிரியர் அப்பொழுதே சுழித்துக் காட்டுவார் அல்லரோ? ஆயின் மாட்டையும் மன்னனையும் 'பொருள்' என்றே ஒருவன் எழுதி வருவானாயின், 'பொருள் வந்தது' என்பதில் எந்த ஆசிரியர் வழுக் காண்பார்? கற்றறிந்த ஆசிரியரின் கண்ணைக் கட்டிவிட்டுப் பிழை திருத்தச் சொன்னதை ஒக்கும் இது.

பெயருக்கு ஒரு கலம், நாளுக்கு ஒரு கலம் எனத் தனித்தனியே எழுதிக்கொள்வது ஒரு வழி. பத்து இனத்திற்குப் பத்துக் கலம். ஒன்றிற் கண்ட குறையைப் பத்திலும் திருத்த வேண்டும். பத்தாவதில் மறதி வாராது என்பதற்கு உறுதி இல்லை. இதனினும் சிறந்த வழியை 1970-களிலேயே அறிஞர் கண்டிருந்தனர். எடின்பரோவில் ராபின் மில்னரும், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்பரா லிஸ்கோவும் தத்தம் மொழிகளில் அதனை அமைத்தனர். கலத்தை ஒருமுறையே எழுதுக. இனத்தின் பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் வெற்றிடமாக விடுக. பயன்படுத்துவோர் அதனை நிரப்பிக்கொள்வர் என்பதே அம்முறை.

இதனை ஜாவாவிற்குக் கொணர்தற்கு மார்ட்டின் ஓடெர்ஸ்கி, பிலிப் வாட்லர், கிலாட் பிராக்கா, டேவிட் ஸ்டௌடமையர் ஆகிய நால்வர் 1998-இல் ஒரு திட்டம் வரைந்தனர். அதனை அடிப்படையாகக் கொண்டு 2004-இல் ஜாவாவின் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதுமுதல், கலத்தின் பெயரை அடுத்துக் கோணக் குறிகளுக்கிடையே இனத்தின் பெயரை எழுதினாற் போதும். பெயர்க் கலத்தில் நாளை இட முயலின், நிரல் ஓடுமுன்னரே நிரல்பெயர்ப்பி அவ்வரியைச் சுட்டித் தடுத்துவிடும்.

ஈண்டு ஒரு நுட்பம் உளது; தேர்ந்தோரும் முதலில் தடுமாறும் இடம் அது. மாம்பழம் பழமே. ஆயின் மாம்பழக் கூடை பழக்கூடை ஆகுமா? ஆகும் என்றே எவரும் விரைந்து கூறுவர். ஆகாது என்பதே விடை. மாம்பழக் கூடையைப் பழக்கூடை என்று ஒருவர் கையிற் கொடுத்தால், அவர் அதிற் பலாச்சுளையை இடுவார். பலாவும் பழமாதலின் அவர்மேற் குற்றமில்லை. ஆயினும் மாம்பழக் கூடை கெட்டது! ஜாவாவின் பழைய அணிகளில் இம்மாற்றம் இசைவு பெற்றிருந்தது. அதனால் அணியில் ஒன்றை இடும்போது, ஓடும் நிரலே இனத்தைச் சோதிக்க நேர்ந்தது. புதிய தொகுப்புகளில் அதனை விலக்கினர். 'எடுப்பதற்கு மட்டும்', 'இடுவதற்கு மட்டும்' என வரையறுத்துக் கொடுத்தால், கூடையை அவ்வவ்வளவில் பொதுவாக வழங்கலாம் என்று விதிவிலக்கும் செய்தனர். மாம்பழக் கூடையிலிருந்து பழம் எடுப்போருக்கு எத்தீங்கும் நேராதன்றோ?

பழைய நிரல்களை என்செய்வது என்பதே அவர்கள் முன்நின்ற பெருஞ்சிக்கல். அவற்றை எல்லாம் ஒரே நாளில் மாற்றி எழுதல் இயலாது. பழையதும் புதியதும் கூடி இயங்க வேண்டும். ஆகவே, நிரல்பெயர்ப்பி இனப்பெயரைச் சோதித்த பின் அழித்துவிடும் என வகுத்தனர். ஓடும் நிரலில் பெயர்க்கலமும் நாட்கலமும் வேறுபாடின்றி ஒன்றே. சி-ஷார்ப் என்னும் மொழியினர் 2005-இல் வேறு நெறி கொண்டனர். ஓடும்போதும் இனப்பெயரை நிலைக்க வைத்து, பழைய கலங்களைத் தொடாமல் புதிய கலங்களை அருகே அமைத்தனர். தூய்மை நோக்கின் பின்னது மேல். எனினும் முன்னோர் எழுதியதைக் கைவிடாத ஜாவாவினரைக் குறைகூற மனம் வருவதில்லை.

அந்த இரக்கத்திற்கு ஒரு விலையும் உண்டு. குறியிடாத பழைய கலத்தை ஜாவாவில் இன்றும் எழுதலாம். நிரல்பெயர்ப்பி எச்சரிக்கை மட்டுமே செய்யும், தடுக்காது.