புகையின் விலை

இறைச்சியைக் கெடாது காக்கும் கலை உப்பில் தொடங்கிப் புகையில் முதிர்வது. உப்பு ஈரத்தை வெளியேற்றும். விறகுப் புகையிலுள்ள பீனால் முதலிய பொருள்கள் நுண்ணுயிர்களை அடக்கும்.

குளிர்பதனப் பெட்டி இல்லாத அந்நாளில், ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் எங்கள் உம்மம்மா இறைச்சியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்துவார். வானம் மூட்டமாயின் அவ்வுப்புக்கண்டம் அடுப்புக்கு மேலுள்ள கொடிக்கு ஏறும். அடுப்புப் புகை அதனை வாரக்கணக்கில் காத்தது. அதே புகைதான் உம்மம்மாவின் கண்களைக் கலக்கியது. முதுமையில் தீரா இருமலாய் நெஞ்சிலும் தங்கியது.

இன்று என் மகன் இறைச்சி புகையூட்டும் கலன் ஒன்று வாங்க விழைகின்றான். விலையையும் வடிவையும் ஆராய்கின்றான். நான் கூறுவன மூன்று. துத்தநாகம் பூசிய தகரக்கலன் வேண்டா. கடுஞ்சூட்டில் அது நச்சாவி கக்கும். வெப்பமானி வேண்டும், கோழியிறைச்சியின் உட்புறம் 74 பாகை செல்சியசு சூட்டை எட்டினாலன்றி அதனை உண்ணலாகாது. மூன்றாவதே தலையாயது: கலன் நிற்க வேண்டிய இடம் அடுக்களையன்று, திறந்த முற்றமே.

பழஞ்சுவையை மீட்பது நன்று. ஆயின், அதற்கு விலையாக இன்னொரு பெண்ணின் மூச்சைக் கேட்பது அறமாகாது.